சாவி திரும்ப மாட்டேங்குதா? பூட்டை உடைக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

சென்னையில் வேலையை முடித்து, அரக்கோணம் லோக்கலைப் பிடித்து, மணவூர் ஸ்டேஷனில் இறங்கி வீட்டு வாசலுக்கு வரும்போது ராத்திரி மணி பத்து. சாவியை நுழைத்தால் பாதிதான் திரும்புகிறது. இழுத்துப் பார்க்கிறீர்கள், தள்ளிப் பார்க்கிறீர்கள். எதிர் வீட்டு அண்ணன் சத்தம் கேட்டு வந்து, "ஒரே போடு போட்டா தொறந்துக்கும் தம்பி, சுத்தியல் எடுத்தாரட்டா?" என்கிறார்.

கொஞ்சம் பொறுங்க பாஸ்! சுத்தியலால் உடைவது பூட்டு மட்டும் இல்லை. பூட்டு பதித்திருக்கிற மரமும் பிளந்துவிடும். அப்புறம் பூட்டு செலவோடு ஆசாரி செலவும் சேர்ந்துவிடும்.

வீட்டுக் கதவின் பூட்டைக் கழற்றி மாற்றுவது உண்மையில் அரை நாளில் முடிகிற வேலை. ஒரு ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்தால் போதும். ஆனால், பலரும் தடுமாறுவது இரண்டு இடங்களில். ஒன்று, கெட்டுப்போனது பூட்டுதானா என்று பார்க்காமலேயே கழற்றுவது. இரண்டு, அளவு எடுக்காமல் கடைக்குப் போவது. இந்த இரண்டையும் சரியாகச் செய்துவிட்டால் மீதி வேலை தானாக நடக்கும். வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கெட்டது பூட்டா, கதவா?

முதலில் கதவைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். திறந்த நிலையிலேயே சாவியைப் போட்டுத் திருப்பிப் பாருங்கள். கதவின் ஓரத்தில் பூட்டின் நாக்கு வெளியே வந்து, உள்ளே போகிறதா?

திறந்திருக்கும்போது வழுக்கிக்கொண்டு போய் வருகிறது, மூடினால் மட்டும் மக்கர் பண்ணுகிறது என்றால் பூட்டு மேல் தப்பில்லை. கதவு இறங்கியிருக்கிறது, அல்லது ஊறியிருக்கிறது. திருவள்ளூர் மாவட்டத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். மரம் ஈரத்தை உறிஞ்சி உப்பும். நாக்கு நுழைய வேண்டிய ஓட்டை அதே இடத்தில் இருக்கும். நாக்கு மட்டும் ஒன்றிரண்டு மில்லி மீட்டர் தள்ளிப் போயிருக்கும். பிப்ரவரியில் வெயில் ஏற ஆரம்பித்ததும் அதே பூட்டு சமத்தாக வேலை செய்யும். இதுக்குப் போய் புதுப் பூட்டு வாங்கினால், அடுத்த ஐப்பசியில் அதுவும் இப்படித்தான் அடம்பிடிக்கும்.

எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு சின்ன வழி. நாக்கின் முனையில் குங்குமத்தையோ சாக்பீஸையோ தடவி, கதவை மூடி, பூட்ட முயற்சி செய்யுங்கள். பிறகு திறந்து, நிலையில் அடித்திருக்கும் தகட்டைப் பாருங்கள். ஓட்டைக்கு மேலே கறை இருக்கிறதா, கீழே இருக்கிறதா? கீழே இருந்தால் கதவு தொங்கியிருக்கிறது. மேல் கீலின் ஸ்க்ரூக்களை இறுக்கினாலே பாதி நேரம் சரியாகிவிடும். ஸ்க்ரூ பிடிமானம் இல்லாமல் சும்மா சுற்றினால், அதைக் கழற்றிவிட்டு ஓட்டையில் ஃபெவிகால் தடவிய மூங்கில் குச்சிகளைச் செருகி, காய்ந்ததும் மறுபடி முடுக்குங்கள். அப்படியும் இடித்தால், தகட்டின் ஓட்டையை அரத்தால் அந்தப் பக்கமாகக் கொஞ்சம் ராவிவிடலாம்.

கதவு திறந்திருக்கும்போதும் சாவி மக்கர் பண்ணுகிறதா? அப்போதுதான் பூட்டைச் சந்தேகப்பட வேண்டும். அதற்கு முன்னாலும் ஒரு சோதனை: வீட்டில் இருக்கும் இன்னொரு சாவியைப் போட்டுப் பாருங்கள். அதில் சுலபமாகத் திறந்தால் தேய்ந்தது உங்கள் சாவி. டூப்ளிகேட்டைப் பார்த்து டூப்ளிகேட், அதைப் பார்த்து இன்னொன்று என்று வெட்டிக்கொண்டே போனால் ஒவ்வொரு முறையும் பல் கொஞ்சம் கொஞ்சமாக மாறும். எப்போதுமே பூட்டோடு வந்த முதல் சாவியை வைத்துத்தான் வெட்ட வேண்டும்.

எண்ணெய் ஊத்தலாமா?

தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், சமையல் எண்ணெய் எதுவும் வேண்டாம். ஊற்றிய அன்றைக்குச் சுகமாகத் திரும்பும். நாளாக நாளாக எண்ணெய் பிசினாகி, தெருப் புழுதியையெல்லாம் பிடித்துவைத்துக்கொள்ளும். சாவித் துவாரத்துக்குச் சரியானது கிராஃபைட் பவுடர். கடையில் கிடைக்காவிட்டால் பென்சில் முனையைச் சாவியின் பற்களில் நன்றாகத் தேய்த்து, நாலைந்து முறை உள்ளே விட்டு எடுங்கள். டபிள்யூடி-40 மாதிரியான ஸ்பிரே, துருவையும் அழுக்கையும் இளக்குவதற்கு நல்லது. ஆனால் அது நாள்பட நிற்கும் மசகு கிடையாது.

இதற்கும் மசியவில்லையா? சரி, கழற்றிவிடலாம்.

உங்க கதவுல இருக்கிறது எந்தப் பூட்டு?

ஹார்டுவேர் கடைக்காரர் கேட்கிற முதல் கேள்வியே இதுதான். நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பவை இவை:

மார்ட்டைஸ் லாக்: கதவின் தடிமனுக்குள்ளேயே பெட்டி மாதிரி புதைந்திருக்கும். வெளியே கைப்பிடி, அதன் கீழே சாவித் துவாரம். இதில் இரண்டு வகை. பழையதில் நீளமான, கனமான சாவி. உள்ளே லீவர் எனப்படும் தகடுகள் இருக்கும். இது கெட்டால் பெட்டியோடு மாற்ற வேண்டும். புதியதில் சாவி போடும் பகுதி மட்டும் தனி சிலிண்டராக இருக்கும். இதில் சிலிண்டரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

நைட் லாட்ச்: கதவின் உள்பக்கத்தில் பெட்டி மாதிரி மேலே அடித்திருக்கும். கதவைச் சாத்தினாலே பூட்டிக்கொள்ளும். சாவியை உள்ளே வைத்துவிட்டுக் குப்பை போட வெளியே போய் மாட்டிக்கொள்வது இந்தப் பூட்டில்தான்.

ரவுண்டு லாக்: உருண்டைக் குமிழ். பாத்ரூம், பெட்ரூம் கதவுகளில் அதிகம்.

ஆல்ட்ராப், நாதாங்கி: பூட்டு தனியாகத் தொங்கும். பழைய இரட்டைக் கதவுகளுக்கும் கேட்டுக்கும் இன்றும் இதுதான்.

யுபிவிசி கதவு, இரும்புக் கதவு என்றால் ஒரே நேரத்தில் மேலே, கீழே, நடுவே என மூன்று இடத்தில் பூட்டுகிற அமைப்பு இருக்கலாம். அதை நீங்களாகப் பிரிக்காமல், கதவு போட்டுக் கொடுத்தவரையே கூப்பிடுவது நல்லது.

வேலைக்கு உட்காரும் முன்

பட்டையும் நட்சத்திரமும் என இரண்டு ஸ்க்ரூ டிரைவர்கள், சின்ன ஆலன் கீ செட், கட்டிங் பிளேடு, நோஸ் பிளையர், உளி, சுத்தியல், டேப். இவ்வளவு போதும்.

மூன்று விதிகளை மட்டும் மறக்காதீர்கள். ஒன்று, காலையில் ஆரம்பியுங்கள். பாதியில் ஒரு ஸ்க்ரூ உடைந்தால் கடை திறந்திருக்க வேண்டும். ராத்திரிக்குள் கதவு பூட்டுகிற நிலைக்கு வந்துவிட வேண்டும். இரண்டு, வேலை முடியும்வரை கதவு மூடக்கூடாது. அடியில் ஒரு கட்டையோ செங்கல்லோ வைத்து நிறுத்துங்கள். காற்றில் சாத்திக்கொண்டால், கைப்பிடி இல்லாத கதவை எதைப் பிடித்துத் திறப்பீர்கள்? மூன்று, ஒவ்வொரு கட்டத்திலும் போனில் ஒரு போட்டோ எடுங்கள். கழற்றிய ஸ்க்ரூக்களைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு தட்டில் வையுங்கள்.

மார்ட்டைஸ் லாக்கைக் கழற்றுவது இப்படி

1. சிலிண்டர்: கதவின் ஓரத்தைப் பாருங்கள். நாக்குகள் இருக்கும் நீளத் தகட்டில், சாவித் துவாரத்துக்கு நேராக ஒரு நீள ஸ்க்ரூ இருக்கும். அதை முழுக்கக் கழற்றுங்கள். சிலிண்டரைத் தள்ளினால் வராது. காரணம், அதன் நடுவில் ஒரு சின்னக் கொக்கி நீட்டிக்கொண்டிருக்கும். சாவியைப் போட்டு, கடிகார முள் 12-லிருந்து 1-க்குப் போகிற அளவுக்கு மெதுவாகத் திருப்புங்கள். கொக்கி சிலிண்டரின் உடலோடு ஒரே கோட்டில் வந்ததும், சாவியைப் பிடித்து இழுத்தால் மொத்தமாக வெளியே வரும். இந்தப் பக்கம் வரவில்லை என்றால் எதிர்ப்பக்கம் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள்.

2. கைப்பிடி: உள்பக்கத்துக் கைப்பிடித் தகட்டில் ஸ்க்ரூக்கள் இருக்கும். வெளிப்பக்கத்தில் தெரியாது, தெரியவும் கூடாது. ஸ்க்ரூவே கண்ணில் படவில்லையா? கைப்பிடியின் அடிப்பக்கம் தடவிப் பாருங்கள். சின்ன ஆலன் ஸ்க்ரூ இருக்கலாம். வட்ட மூடி இருந்தால் அதை நெம்பினால் அதற்குள் ஸ்க்ரூ ஒளிந்திருக்கும். கைப்பிடி வந்ததும் நடுவில் இருக்கிற சதுரக் கம்பியை உருவி எடுங்கள்.

3. பெட்டி: ஓரத்தகட்டின் மேலும் கீழும் இருக்கும் இரண்டு ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். சாவியால் நாக்கை வெளியே தள்ளிவைத்திருந்தால், அதையே பிளையரால் பிடித்து இழுக்கலாம். வரவில்லை என்றால், கைப்பிடி இருந்த சதுர ஓட்டையில் ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து, வெளிப்பக்கமாக மெதுவாக நெம்புங்கள். ஸ்க்ரூ டிரைவர் மரத்தில் சாயும் இடத்தில் ஒரு துணியை மடித்து வைத்தால் கதவில் தழும்பு விழாது.

லீவர் வகைப் பூட்டில் முதல் படி கிடையாது. கைப்பிடியையும் பெட்டியையும் மட்டும் கழற்றினால் போதும்.

நைட் லாட்ச்: கதவைத் திறந்து வைத்து, உள்பக்கப் பெட்டியின் ஸ்க்ரூக்களைக் கழற்றினால் பெட்டி வந்துவிடும். அடியில் ஒரு தகடும், அதை வெளிப்பக்க சிலிண்டரோடு இணைக்கும் இரண்டு நீள ஸ்க்ரூக்களும் இருக்கும். அவற்றைக் கழற்றும்போது சிலிண்டரை வெளியே ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வாசற்படியில் போய் விழும்.

ரவுண்டு லாக்: உள்பக்கக் குமிழின் கழுத்தில் ஒரு சின்னத் துளை இருக்கும். அதில் ஆணியால் அழுத்திக்கொண்டே குமிழை இழுத்தால் கழன்றுவிடும். மூடியை நெம்பினால் இரண்டு ஸ்க்ரூ. சில மாடல்களில் அந்த ஸ்க்ரூக்கள் நேராகவே தெரியும். கடைசியாகக் கதவு ஓரத்தில் இருக்கும் நாக்குத் தகட்டின் இரண்டு ஸ்க்ரூக்கள்.

அடம்பிடிக்கும் இடங்கள்

*பெயின்ட் ஒட்டிக்கிச்சா?* பொங்கலுக்குப் பொங்கல் பூட்டையும் சேர்த்து பெயின்ட் அடித்திருப்பார்கள். பெட்டி வராததற்கு இதுதான் முதல் காரணம். தகட்டைச் சுற்றி கட்டிங் பிளேடால் கோடு கிழியுங்கள். இதைச் செய்யாமல் இழுத்தால் பெயின்டோடு மரச் சிராயும் பிய்ந்து வரும். ஸ்க்ரூவின் தலையில் அடைத்திருக்கும் பெயின்டையும் முனையால் சுரண்டி எடுங்கள்.

*ஸ்க்ரூ தலை தேய்ஞ்சுபோச்சா?* இன்னும் பலமாகத் திருகாதீர்கள். மிச்சம் இருக்கிற வெட்டும் போய்விடும். ஒரு ரப்பர் பேண்டை ஸ்க்ரூ தலை மேல் விரித்து, அதன் மேல் ஸ்க்ரூ டிரைவரை அழுத்தித் திருகிப் பாருங்கள். துரு ஏறியிருந்தால் ஸ்பிரே அடித்து, கால் மணி நேரம் விட்டு, ஸ்க்ரூ டிரைவரை வைத்து அதன் பிடியில் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டிய பிறகு திருகுங்கள். கழலும் திசைக்குப் போகும் முன் ஒரு நூலளவு இறுக்கினால் துருவின் பிடி விடும்.

*சாவி உள்ளேயே உடைஞ்சுடுச்சா?* மிச்சமிருக்கும் துண்டை எடுக்க இன்னொரு சாவியை விட்டுக் குத்துவதுதான் எல்லோரும் செய்வது. அது துண்டை இன்னும் ஆழமாகத் தள்ளிவிடும். துவாரம், சாவி போடும்போது இருக்கும் அதே நேர் நிலையில் இருக்க வேண்டும். சாய்ந்திருந்தால் துண்டு வெளியே வராது. சின்ன ஸ்க்ரூ டிரைவரால் நேராக்குங்கள். பிறகு நுனி தெரிந்தால் நோஸ் பிளையர். தெரியாவிட்டால் மெல்லிய வாள் பிளேடின் ஒரு இழையைப் பற்கள் வெளிப்பக்கம் பார்க்கிற மாதிரி நுழைத்து, சாவித் துண்டில் கொக்கிபோட்டு இழுங்கள்.

*கைப்பிடி சுத்துது, கதவு தொறக்கலையா?* உள்ளே இருக்கும் சதுரக் கம்பி தேய்ந்திருக்கலாம், அல்லது கைப்பிடியின் ஆலன் ஸ்க்ரூ லூஸ் ஆகியிருக்கலாம். கைப்பிடியைக் கழற்றி, கம்பியைப் பிளையரால் பிடித்துத் திருப்புங்கள். திறந்துவிடும். இதற்குக் கைப்பிடி செட் மட்டும் மாற்றினால் போதும். பூட்டு நன்றாகத்தான் இருக்கிறது.

கடைக்குப் போகும் முன் அஞ்சு அளவு

கழற்றிய பூட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு போவதுதான் புத்திசாலித்தனம். ஆன்லைனில் ஆர்டர் போடுவதாக இருந்தால் இந்த அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்:

* பேக்செட்: கதவின் ஓரத்திலிருந்து சாவித் துவாரத்தின் நடுப்புள்ளி வரை. இது மாறினால் கதவில் புதிதாக ஓட்டை போட வேண்டியிருக்கும்.
* நடு தூரம்: கைப்பிடிக் கம்பியின் நடுவிலிருந்து சாவித் துவாரத்தின் நடு வரை. நம் கடைகளில் 85 மி.மீ. பரவலாகக் கிடைக்கும். உங்களுடையதும் அதுதான் என்று நினைத்துவிடாமல், டேப் வைத்துப் பார்த்துவிடுங்கள்.
* பெட்டியின் உயரமும் ஆழமும்: புதியது பெரிதாக இருந்தால் மரத்தைச் செதுக்க வேண்டும். சிறிதாக இருந்தால் இடைவெளியை மரத்துண்டால் நிரப்ப வேண்டும். செதுக்குவதுதான் சுலபம். ஆனால் 30 மி.மீ. கதவில் அதிகம் செதுக்கினால் மரம் வலுவிழந்துவிடும்.
* ஓரத்தகட்டின் நீளம், அகலம்.
* சிலிண்டர் நீளம்: ஓர ஸ்க்ரூ நுழையும் ஓட்டையின் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் தனித்தனியாக அளக்க வேண்டும். 60 மி.மீ. என்றால் பெரும்பாலும் 30-ம் 30-ம். கதவின் தடிமனும், இரண்டு பக்கத் தகடுகளின் தடிமனும் சேர்த்துத்தான் இந்த அளவு.

கடைசி அளவில் ஒரு பாதுகாப்பு விஷயம் இருக்கிறது. சிலிண்டர் வெளிப்பக்கத் தகட்டைவிட 3 மி.மீ.க்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால், அதைப் பிளையரால் பிடித்து ஒடிப்பது திருடனுக்குச் சுலபம். எவ்வளவு விலை உயர்ந்த பூட்டாக இருந்தாலும் இதுதான் கதை. கையால் தடவினால் தகடும் சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே சமமாக இருக்க வேண்டும்.

புதுசை மாட்டுவது

கழற்றியதற்குத் தலைகீழ் வரிசை. முதலில் பெட்டி, அதன் ஸ்க்ரூக்களை முக்கால் பாகம்தான் முடுக்க வேண்டும். அடுத்து சதுரக் கம்பி, கைப்பிடிகள், பிறகு சிலிண்டர். எல்லாம் நேராக உட்கார்ந்த பிறகுதான் முழு இறுக்கம். சிலிண்டரின் ஓர ஸ்க்ரூவையும் கைப்பிடித் தகட்டையும் ரொம்பவும் முறுக்கினால் உள்ளே நெருக்கி, புதுப் பூட்டே சாவியைப் பிடித்துக்கொள்ளும். "புதுசு, கொஞ்சம் டைட்டாதான் இருக்கும்" என்று சமாதானம் செய்துகொள்ளாதீர்கள். கால் சுற்று தளர்த்திப் பாருங்கள்.

சாய்வான நாக்கைக் கவனியுங்கள். சாய்ந்த பக்கம், கதவு மூடும்போது நிலையின் தகட்டில் முதலில் மோத வேண்டும். எதிர்ப்புறமாக இருந்தால் கதவு சாத்தாது. பல மாடல்களில் நாக்கைத் திருப்பிப் போட வசதி உண்டு. கூடவே வரும் காகிதத்தில் படம் இருக்கும்.

கதவு திறந்திருக்கும்போதே பத்து முறை பூட்டித் திறங்கள். உள்ளிருந்து ஐந்து, வெளியிலிருந்து ஐந்து. சாவி செட்டில் இருக்கும் எல்லாச் சாவிகளையும் போட்டுப் பாருங்கள். எல்லாம் சரி என்ற பிறகு, ஒரு ஆளை உள்ளே நிறுத்திக்கொண்டு கதவை மூடிச் சோதியுங்கள்.

இன்னொரு வேலை பாக்கி: நிலையில் அடிக்கும் தகடு. பூட்டோடு வரும் குட்டி ஸ்க்ரூக்கள் நிலையின் மேல்தோலை மட்டும்தான் பிடிக்கும். எட்டி உதைத்தால் பூட்டு உடைவதைவிட, இந்தத் தகடு பிய்ந்துகொண்டு வர வாய்ப்பு அதிகம். மரம் தாங்குமானால் 2 அங்குலத்துக்குக் குறையாத ஸ்க்ரூக்களைப் போடுங்கள். முதலில் மெல்லிய ஓட்டை போட்டுவிட்டு முடுக்கினால் நிலை பிளக்காது.

தாத்தா காலத்து இரட்டைக் கதவு இருக்கா?

தேக்கில் செய்த பழைய இரட்டைக் கதவு இருந்தால், அதைக் குடைந்து மார்ட்டைஸ் லாக் பதிக்க அவசரப்படாதீர்கள். இரண்டு கதவும் சந்திக்கும் இடத்தில் மரத்தைக் குறைத்தால் கதவின் பலமே போய்விடும். ஆல்ட்ராப்போடு ஒரு நல்ல தொங்கு பூட்டு போட்டாலே போதும். அதை அடிக்கும்போது ஸ்க்ரூவுக்குப் பதில் கதவை ஊடுருவிப் போகும் போல்ட் நட்டு போட்டு, நட்டு உள்பக்கம் வருகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். இழுக்கிற பக்கத்துக் கதவைவிட, நிலையாக நிற்கும் கதவின் மேல் தாழும் கீழ்த் தாழும் முக்கியம். அவை சரியாக இல்லாவிட்டால் எந்தப் பூட்டு போட்டும் பயன் இல்லை.

தொங்கு பூட்டு என்றதும் திண்டுக்கல் ஞாபகம் வராமல் இருக்குமா? கையால் செய்யும் திண்டுக்கல் பூட்டுக்கு 2019 ஆகஸ்ட்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. மாங்காய் வடிவில் இருக்கும் அதன் மாங்காய்ப் பூட்டு ரொம்பப் பிரபலம். லீவர் பூட்டின் உள்ளே இருக்கும் தகடுகள் ஒவ்வொன்றையும் சாவியின் பல் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் பூட்டு வழிவிடும். ஒரு தகடு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் திறக்காது. 1778-ல் இங்கிலாந்தின் ராபர்ட் பாரன் காப்புரிமை வாங்கிய யோசனை இது. இன்று சிலிண்டர் பூட்டுகளில் இருக்கும் ஊசி முறை, அமெரிக்காவின் லைனஸ் யேல் ஜூனியர் 1861-ல் காப்புரிமை பெற்றது. தகடு, ஊசி என்று ஆள் மாறினாலும் வேலை ஒன்றுதான்: சரியான உயரம். அதனால்தான் தேய்ந்த சாவி இரண்டிலுமே தகராறு பண்ணுகிறது.

டிஜிட்டல் பூட்டு வாங்கலாமா?

கைரேகை, பின் நம்பர் என்று வருகிற பூட்டுகளுக்கும் மேலே சொன்ன அளவுகள் பொருந்தும். கதவின் தடிமனைப் பார்க்காமல் ஆர்டர் போடாதீர்கள். பேட்டரி தீர்ந்தால் என்ன வழி என்று கேளுங்கள். பல மாடல்களில் வெளியிலிருந்து சார்ஜர் கேபிளோ 9 வோல்ட் பேட்டரியோ வைத்து உயிர் கொடுக்கும் வசதி உண்டு. அவசரச் சாவி இருந்தால் அதை வீட்டுக்குள் பீரோவில் வைப்பதில் அர்த்தமே இல்லை. பக்கத்துத் தெருவில் இருக்கும் சொந்தக்காரரிடம் கொடுத்து வையுங்கள்.

வாடகை வீடா? இதையும் பாருங்க

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வீட்டு உரிமையாளர் - வாடகைதாரர் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை, கதவு, அலமாரி, ஜன்னலின் குமிழ், பூட்டு மாற்றுவது வாடகைக்கு இருப்பவர் பொறுப்பில் வரும். ஆனாலும் மெயின் கதவில் கை வைக்கும் முன் ஓனரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் சொன்னால் பதிவாகவும் இருக்கும். கழற்றிய பழைய பூட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்து, காலி செய்யும்போது கொடுத்துவிடலாம்.

புதிதாகக் குடிபோகிறவர்களுக்கு ஒரு விஷயம். உங்களுக்கு முன்னால் இருந்தவர், வேலைக்கு வந்தவர், பெயின்ட் அடித்தவர் என்று எத்தனை பேரிடம் அந்தச் சாவி இருந்ததோ, யாருக்கும் தெரியாது. சிலிண்டர் வகை என்றால் அதை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். பழைய சாவியை வாசல் ஜன்னல் மேலே, துளசி மாடத்துக்குப் பின்னாலே வைக்கிற பழக்கமும் வேண்டாம். திருடனும் நம் ஊர்க்காரர்தானே, அவருக்கும் அந்த இடமெல்லாம் தெரியும். ஆடிக் கிருத்திகைக்கு எல்லோரும் திருத்தணி மலைக்குக் கிளம்புவது போல வீடு மொத்தமும் காலியாகிற நாள்களில், உள்ளூர் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போவது நல்லது.

உள்ளே யாராவது மாட்டிக்கிட்டா?

பூட்டு கெட்டு வெளியே நிற்பது தொல்லை. உள்ளே ஒரு குழந்தையோ வயதானவரோ மாட்டிக்கொள்வது ஆபத்து. முதலில் அவர்களோடு பேசிக்கொண்டே இருங்கள். குழந்தை பாத்ரூமில் என்றால், ரவுண்டு லாக்கின் வெளிக் குமிழின் நடுவில் சின்ன ஓட்டையோ கோடோ இருக்கிறதா பாருங்கள். ஓட்டையில் ஹேர்பின் போன்ற கம்பியை நேராக விட்டு அழுத்தினால், அல்லது கோட்டில் நாணயத்தை வைத்துத் திருப்பினால் திறக்கும். அவசரத்துக்காகவே வைத்த வசதி அது. கதவின் கீல் உங்கள் பக்கம் இருந்தால், கீலின் நடுக்கம்பியைக் கீழேயிருந்து மேலாகத் தட்டி எடுத்துவிட்டு, அந்தப் பக்கமாகக் கதவை விலக்கலாம்.

உள்ளே இருப்பவர் பதில் சொல்லவில்லை, அடுப்பு எரிகிறது, கேஸ் வாசனை வருகிறது என்றால் யோசிக்கவே வேண்டாம். 101 அல்லது 112. தீயணைப்பு மீட்புப் பணித் துறையினர் இதற்கும் வருவார்கள். அந்த நேரத்தில் கதவு போனால் போகட்டும். கேஸ் வாசனை இருந்தால் காலிங் பெல்லையோ சுவிட்சையோ தொடாதீர்கள்.

இதனால்தான் புதுப் பூட்டு வாங்கும்போது, உள்பக்கம் சாவி இல்லாமல் குமிழைத் திருப்பினாலே திறக்கிற சிலிண்டரை வாங்குங்கள் என்று சொல்கிறோம். இரண்டு பக்கமும் சாவி கேட்கிற பூட்டில், நள்ளிரவில் தீப்பிடித்தால் முதலில் சாவியைத் தேட வேண்டியிருக்கும். கதவில் கண்ணாடி இருந்தால் மட்டும் கவனம் தேவை. அதை உடைத்துக் கையை விட்டு, குமிழைத் திருப்பிவிட முடியும். அந்தக் கதவுக்குக் கம்பி வலை போடலாம். அல்லது உள்சாவியைக் கதவுக்குப் பக்கத்தில், கண்ணாடியிலிருந்து கை எட்டாத ஓர் இடத்தில் மாட்டி, வீட்டில் எல்லோருக்கும் காட்டிவையுங்கள். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில், உள்தாழ் போட்டால் வெளியிலிருந்து சாவியால்கூடத் திறக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். தாழ் வேண்டாம், பூட்டு மட்டும் போதும் என்று அவர்களைச் சம்மதிக்கவைப்பதுதான் இந்த வேலையிலேயே கஷ்டமான வேலை!

எப்போ ஆளைக் கூப்பிடணும்?

கதவு பூட்டியபடி இருக்கிறது, சாவி சும்மா சுற்றுகிறது. அல்லது, பெட்டிக்கு இடம் போட மரத்தை அதிகம் செதுக்க வேண்டும். அல்லது, நிலையே விரிசல் விட்டிருக்கிறது. இந்த மூன்றில் எது என்றாலும் பூட்டு ரிப்பேர்காரரையோ ஆசாரியையோ கூப்பிட்டுவிடுங்கள். முன்பே விலை பேசி, முடிந்தவரை துளை போடாமல் திறக்கச் சொல்லுங்கள். வேலை முடியும்வரை கூடவே நில்லுங்கள். நல்ல வேலைக்காரர் என்றால் அவர் நம்பரைச் சேமித்து வையுங்கள்.

எல்லாம் மாட்டி முடித்தாச்சா? கடைசியாக ஒரே ஒரு சோதனை. ராத்திரி, வீட்டில் இருக்கிற பாட்டியையோ தாத்தாவையோ கூப்பிட்டு, விளக்கை அணைத்துவிட்டு, "கதவை நீங்களே தொறங்க பார்க்கலாம்" என்று சொல்லுங்கள். இருட்டில், ஒரு கையால், யார் உதவியும் இல்லாமல் அவர்கள் திறந்துவிட்டால் வேலை முடிந்தது. திணறினால், பூட்டு எவ்வளவு புதுசாக இருந்தாலும் நாளைக்குக் காலையில் இன்னொரு முறை ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுங்கள்!